மொட்டை மாடியில் மூன்று புள்ளிகள்

டெலஸ்கோப்போடு அட்டைப் பெட்டியில் ஒரு குட்டிக் கையேடு வரும். அதை எந்த தேசத்தில் அச்சடித்திருந்தாலும் நாலைந்து பக்கத்துக்குள் ஒரு கட்டளை நிச்சயம். முதல் வேலையாகத் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, மவுண்டின் அச்சை அதன் பக்கம் திருப்ப வேண்டும். எழுதின புண்ணியவான் லண்டன்காரராகவோ நியூயார்க்காரராகவோ இருப்பார். அவருக்கென்ன, வீட்டுக் கொல்லையில் நின்று நிமிர்ந்தால் பாதி வானத்தில் துருவன் தயாராக நிற்கிறான்.

எனக்கு சென்னீர்குப்பம்.

ஒரு ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி உயரத்தில்தான் அந்த ஊருக்குத் துருவன். லண்டனுக்கு 51. பூந்தமல்லியை ஒட்டிய எங்கள் பேட்டைக்கு வெறும் 13. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வையுங்கள், அது 10 டிகிரி. அதற்கு மேல் இரண்டு விரல். அவ்வளவுதான் துருவன். அந்த உயரத்தில் எங்கள் தெருவில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? எதிர் வீட்டு சின்டெக்ஸ் டேங்க். அடுத்த மாடி என்றாவது எழும்பும் என்ற நம்பிக்கையில் தூணுக்குத் தூண் நீட்டி விட்ட கம்பிகள். காயப்போட்ட நைட்டி. இவை எல்லாம் விலகினாலும் அதற்குப் பின்னால் ஆவடி, அம்பத்தூர் வெளிச்சம் எழுப்புகிற ஆரஞ்சு மூட்டம். நம் மாடியை விட எட்டு மீட்டர் உயரமான அபார்ட்மென்ட் ஒன்று வடக்கே 35 மீட்டருக்குள் முளைத்துவிட்டால் போதும், துருவன் நிரந்தரமாக அவர்கள் பாத்ரூம் ஜன்னலுக்குப் பின்னால். அதுவும் அவன் சூரியன், வெள்ளி மாதிரி பளிச்சென்ற ஆசாமி கிடையாது. சுமாரான வெளிச்சம்தான்.

கண்ணுக்கு அகப்படாத நட்சத்திரத்தை வைத்து எப்படி மவுண்டை நிறுத்துவது என்று கேட்டு, பரணில் டெலஸ்கோப்பை ஏற்றிவிட்டவர்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. இந்த வாரம் அவர்களுக்காக. பரணிலிருந்து இறக்குங்கள் ஸார். கிரகம் பார்க்கத் துருவன் வேண்டாம்.

முதலில், எதற்கு இந்த வம்பு? பூமி சுழல்கிறது. மணிக்கு 15 டிகிரி. கேட்க நிதானமாகத்தான் இருக்கிறது. 150 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது சுழற்சியையும் சேர்த்து 150 மடங்காக்கி விடுகிறோம் என்பதில்தான் சிக்கல். அந்த உருப்பெருக்கத்தில் சாதாரண ஐபீஸ் வழியாகத் தெரிகிற வானம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. நட்ட நடுவில் வியாழனை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் 40 விநாடியில் ஓரத்தைத் தொட்டு வெளியே போய்விடும். மூன்று விநாடிக்கு ஒரு முறை தன் அகலம் அளவுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்துகிற டிரைவர் மாதிரி.

ஈக்விடோரியல் மவுண்ட் என்பது இதற்கான ஏற்பாடு. அதற்கு இரண்டு அச்சு. அதில் ஒன்றை பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால் பிறகு ஒரே ஒரு குமிழை மெல்லத் திருப்பினால் போதும். பூமி கிழக்கே சுழலச் சுழல நாம் மேற்கே சுழன்று ஈடுகட்டுகிறோம். ஒரு சின்ன மோட்டாரை மாட்டிவிட்டால் கைகூட வேண்டாம். சாய்க்காமல் கண்டபடி வைத்தால் இரண்டு குமிழையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

தனியாகப் பார்க்கிறவனுக்கு அதுகூடப் பெரிய கஷ்டமில்லை. மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு யாராவது தனியாக இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற சத்தத்துக்கே கீழ் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு அவர்களுடைய அம்மா. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா. கடைசியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, முழங்கால் வலியோடு இருபத்திரண்டு படி ஏறி, அந்தப் பையன்களின் தாத்தா.

நான் ஃபோகஸ் செய்து நகர்ந்து, "வாங்க, பாருங்க" என்பதற்குள் 15 விநாடி. தாத்தா கண்ணாடியைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று யோசித்து, சட்டைப் பையில் வைத்து, குனிந்து, எந்தக் கண்ணை மூடுவது என்று கேட்டு, கண்ணை வைக்கும்போது ஒரு நிமிஷம். வியாழன் போய்விட்டது. உள்ளே இருப்பது கறுப்பு வட்டம்.

அப்போது அவர் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?

"ஆங்... தெரியுது, தெரியுது. பிரமாதமா இருக்கு தம்பி."

இது பொய் இல்லை, மரியாதை. நாம் எல்லோரும் கல்யாணத்திலேயே பழகினதுதான். காலை ஒன்பதரை முகூர்த்தம் முடிந்து வாத்தியார் மண்டப வாசலுக்குக் கூட்டிப்போய், கொளுத்துகிற வெயிலில் விரலை நீட்டி, "அதோ அருந்ததி" என்கிறார். "தெரியுதா?" "தெரியுது." மாப்பிள்ளையும் பெண்ணும் கோரஸாகச் சொல்கிறார்கள். ஃபோட்டோகிராஃபர் மட்டும் இன்னொரு தடவை விரலை நீட்டச் சொல்கிறார்.

கல்யாணத்தில் சரி. மாடியில் அது எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு படி ஏறினவர் வியாழனின் இரண்டு பட்டைகளையும், பக்கத்தில் வரிசை கட்டி நிற்கிற நான்கு நிலவுகளையும் பார்க்காமலே இறங்கிப் போகிறார், பார்த்ததாகச் சொல்லிவிட்டு. மறுநாள் இன்னொரு தடவை கூப்பிட்டாலும் வரமாட்டார். அதுதான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே!

சின்னப் பையன்கள் தேவலை. "ஒண்ணுமே தெரில அங்கிள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

ஆகவே எனக்கு வேண்டியது துல்லியமில்லை. தாத்தா கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிற வரை கிரகம் உள்ளே நிற்க வேண்டும். ஆபீஸிலிருந்து எட்டரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, மாடி ஏறினால் ஒன்பதேகால். பத்தரைக்குப் படுத்தால்தான் காலையில் பஸ். இதில் மவுண்டை நிறுத்த ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒதுக்க முடியாது.

இங்கே நான் படித்த பி.காம். கை கொடுத்தது. கணக்கியலில் மெட்டீரியாலிட்டி என்று ஒரு சமாசாரம் உண்டு. கோடிக்கணக்கில் வரவு செலவு உள்ள கம்பெனியின் ஆடிட்டர் பதினேழு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி கண்விழிக்க மாட்டார். முடிவை மாற்றாத தவறு, தவறே இல்லை. அச்சை எவ்வளவு சரியாக நிறுத்த வேண்டும் என்று இதே கண்ணோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையான துருவத்திலிருந்து அச்சு முழுசாக 3 டிகிரி விலகி இருக்கட்டும். மூன்று டிகிரி என்பது ஆறு பௌர்ணமி நிலவை வரிசையாக வைத்த அகலம். கையேடு எழுதினவர் கேட்டால் மயங்கி விழுவார். அப்படி இருந்தும், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், நடுவில் வைத்த கிரகம் மேலேயோ கீழேயோ நழுவி ஓரத்தைத் தொட, மிக மோசமான இடத்தில்கூட, 12 நிமிஷத்துக்கு மேல் ஆகும். 40 விநாடி எங்கே, 12 நிமிஷம் எங்கே! விலகலை ஒரு டிகிரிக்குக் கொண்டுவந்தால் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தா சாவகாசமாகப் பார்க்கலாம்.

மணிக்கணக்கில் ஃபோட்டோ எடுக்கிறவர்கள் தயவுசெய்து சண்டைக்கு வரவேண்டாம். அவர்கள் கதை வேறு, அவர்களுக்குத் துருவனும் வேண்டும், பொறுமையும் வேண்டும். நான் கண்ணால் கிரகம் பார்க்கிற ஜாதி.

சாய்க்க வேண்டியது இரண்டு விஷயம். உயரம் 13 டிகிரி, திசை வடக்கு.

உயரம் சுலபம் என்று தோன்றும். மவுண்டின் பக்கவாட்டில் டிகிரி அளவுகோல் இருக்கிறது, 13-ல் வைத்துத் திருகை இறுக்க வேண்டியதுதானே? வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்த மவுண்ட் பல, 20-க்குக் கீழே இறங்கவே மறுக்கும். இறங்கினாலும் கவுன்ட்டர் வெயிட் கம்பி முக்காலியின் வடக்குக் காலில் போய் முட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும் மனுஷர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சனி பிடித்திருக்கிறது என்று அந்த டிசைனர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த அட்சரேகைத் தொல்லை பெரிய ஆட்களுக்கும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது 12.5 டிகிரியில், ஏறக்குறைய நம் மாடிக்குப் பங்காளி. அங்கே 1986-ல் தொடங்கிவைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு அச்சு இப்படிக் கிட்டத்தட்டப் படுத்துக்கிடந்தாக வேண்டும். அத்தனை டன் எடையை ஒரு பக்கமாகத் தொங்கவிட முடியுமா? அதனால் தெற்கே ஒரு முனை, வடக்கே குதிரை லாடம் போல ஒரு பெரிய வளையம், இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி மவுண்ட் அமைத்தார்கள். தாழ்ந்த அட்சரேகைக்கு அதுதான் தோது.

நம்மிடம் லாடம் கிடையாது. செங்கல் இருக்கிறது. முக்காலியை, வடக்கே இரண்டு கால், தெற்கே ஒரு கால் வருகிற மாதிரித் திருப்பி வையுங்கள். இப்போது எடைக்கம்பி இரண்டு கால்களுக்கு நடுவே தாராளமாகப் போய் வரும். அளவுகோல் 20-லேயே நின்றுவிட்டதா? தெற்குக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுங்கள். கால்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர் இருந்தால், தெற்குக் காலை எட்டரை சென்டிமீட்டர் தூக்கினால் 7 டிகிரி இறங்கும். ஒரு செங்கல், அதன்மேல் ஒரு உடைந்த டைல்ஸ் துண்டு. முடிந்தது. சரிபார்க்க, எடைக்கம்பி நேர் கீழே தொங்கும்படி, குழாயை அச்சுக்கு இணையாக வைத்து, அதன் முதுகில் செல்போனைப் படுக்கவைத்துக் கோணம் பார்க்கலாம். 13 காட்டினால் திருகை இறுக்கிவிட்டு அதை மறந்துவிடலாம். ஒரு முறைதான் இந்த வேலை, ஊர் மாறாதவரை அட்சரேகையும் மாறாது. கிழக்கு மேற்காக மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடித் தளத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார், அது நம் கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப்புக்குத் தெரியும்.

இனி வடக்கு. "செல்போனில் காம்பஸ் இருக்கே ஸார்?" என்று யாரோ கேட்பது கேட்கிறது. இருக்கிறது. சென்னைப் பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான், அதையும் மன்னித்துவிடலாம். கான்கிரீட்டுக்குள் ஓடுகிற கம்பியையும், தண்ணீர் டேங்கின் இரும்பு ஸ்டாண்டையும், முக்காலியின் ஸ்டீல் காலையும் யார் மன்னிப்பது? போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் பத்தடி நடந்து பாருங்கள். வடக்கு என்பது அரசியல் கட்சி மாதிரி இடத்துக்கு இடம் மாறும்.

சூரியன் மாறாது. உச்சிப்பொழுதில், அதாவது சூரியன் அன்றைய தினம் அதிகபட்ச உயரத்தில் இருக்கிற அந்த நிமிஷத்தில், எந்த நிழலும் சரியாக வடக்கு தெற்காக விழும். உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தின் 12 மணி இல்லை, கவனம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. நாம் 80 சொச்சத்தில் இருப்பதால் நம் தலைக்குச் சூரியன் சராசரியாக ஒன்பதரை நிமிஷம் லேட்டாகத்தான் வரும். 1906-ல் இந்திய நேரம் வருவதற்கு முன்னால், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை வைத்துக் கணித்த 'மெட்ராஸ் டயம்' என்று ஒன்று இருந்தது. நாடு முழுக்க ரயில்வேக்காரர்கள் அதைத்தான் பின்பற்றினார்கள். இன்றைய நேரத்தைவிட அது 8 நிமிஷம் 46 விநாடி பின்தங்கியது. நம் ஆபீஸுக்கு அந்த டயம் அமலில் இருந்தால் எவ்வளவு பேர் பிழைப்பார்கள்!

போதாக்குறைக்கு, பூமி ஒரே வேகத்தில் சூரியனைச் சுற்றாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் உச்சிப்பொழுது வருஷம் பூராவும் முன்னே பின்னே ஆடும். எங்கள் மாடிக்கு நவம்பர் தொடக்கத்தில் 11.53, பிப்ரவரி நடுவில் 12.24. இதற்கெல்லாம் ஃபார்முலா வேண்டாம். அன்றைய சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் எடுத்துக்கொண்டு நடு நேரத்தைக் கண்டுபிடித்தால் அதுதான். பொங்கல் அன்று உதயம் 6.35, அஸ்தமனம் மாலை 6.01. நடு, 12.18.

பொங்கல் லீவாகவும் இருப்பதால் அதையே சிபாரிசு செய்கிறேன். துணி காயப்போடுகிற கொடியில் தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனாரிடம் கடன் கேட்டால் கொடுப்பார், இல்லாவிட்டால் சணல் கயிற்றில் ஒரு பூட்டு. ஆடி அடங்கட்டும். சரியாக 12.18-க்குக் கயிற்றின் நிழல் தரையில் விழுகிற இடத்தில் இரண்டு முனையிலும் சாக்பீஸால் குறி. ஒரு மீட்டர் கயிறானால் அன்றைக்கு 68 சென்டிமீட்டர் நிழல் கிடைக்கும். நிமிஷம் ஒன்று பிசகினால் நேரும் தவறு அரை டிகிரிகூட இல்லை. இரண்டு குறியையும் ஸ்கேல் வைத்து நீட்டினால் நிஜமான வடக்கு தெற்குக் கோடு, செலவு பூஜ்யம்.

சித்திரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சென்னையில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கயிற்றுக்கு நிழலே விழாது, நமக்குத்தான் மண்டை காயும்.

கடிகாரமே வேண்டாம் என்றால் அதற்கும் நம்மவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். மயமதம் முதலான சிற்ப நூல்களில் சொல்லியிருப்பது. தரையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு குச்சி, அதன் பெயர் சங்கு. காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வருகிற இடம், மாலையில் தொட்டு வெளியே போகிற இடம், இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. கோயிலுக்குத் திசை பார்த்தது இப்படித்தான். நேரம் மட்டும் ஒரு பகல் பூராவும் வேண்டும். நமக்கு அன்று ஜல்லிக்கட்டு டி.வி.யில் வருகிறது.

நுங்கம்பாக்கத்திலும் 1792-ல் இதே மாதிரி நிரந்தரமாக ஒரு இடம் பிடித்தார்கள். மைக்கேல் டாப்பிங் கட்டின மெட்ராஸ் வானாய்வகத்தில் கருவியைத் தாங்க ஒரு பெரிய கருங்கல் தூணை நட்டார்கள். கருவி ஆட வேண்டியது வடக்கு தெற்குக் கோட்டில் மட்டும். தூண் ஒரு தடவை சரியாக நின்றுவிட்டால் ஒவ்வொரு ராத்திரியும் திசை தேட வேண்டாம். 1899-ல் வான ஆராய்ச்சி கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில்தான் நிற்கிறது, தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டோடு. மழை வருமா என்று ரமணன் ஸாரைக் கேட்ட காலத்தில் அந்தத் தூணைத் தாண்டித்தான் செய்தி வந்துகொண்டிருந்தது.

மாடியில் கருங்கல் தூண் நட்டால் வீட்டு ஓனர் நம்மை நட்டுவிடுவார். அதனால் பெயின்ட். வடக்கு தெற்குக் கோட்டின் மேல் முக்காலியை வைத்து, மவுண்டின் அச்சு அந்தக் கோட்டோடு ஒட்டி வருகிற மாதிரி நிறுத்தி, மூன்று கால்களும் தரையைத் தொடுகிற இடத்தில் பழைய எனாமல் பெயின்ட்டால் மூன்று புள்ளி. செங்கல்லுக்குத் தனி அடையாளம். அவ்வளவுதான் அலைன்மென்ட். இனி ராத்திரி செய்ய வேண்டியது காலைப் புள்ளியில் வைப்பது மட்டும்.

ஆனால் இதற்குப் பிறகுதான் பெரும்பாலோர் காரியத்தைக் கெடுப்பது. கிரகத்தைத் தேடும்போது, அது கொஞ்சம் இடது பக்கம் இருக்கிறதென்று முக்காலியையே தூக்கி இடது பக்கம் நகர்த்துவார்கள். அல்லது அடித்தலையின் திருகைத் தளர்த்தித் திருப்புவார்கள். வடக்கு அங்கேயே செத்தது. அச்சைத் தொடவே கூடாது. மேலே இருக்கிற இரண்டு கிளட்ச்சையும் தளர்த்தி, குழாயை மட்டும் சுற்றிக் கிரகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சில கோணங்களில் குழாய் விநோதமாக, யோகாசனம் போட்ட மாதிரி நிற்கும். நிற்கட்டும். ஃபைண்டரை மட்டும் இருட்டுவதற்கு முன்னாலேயே பைபாஸ் பக்கத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கை வைத்துச் சரிசெய்துவிட்டால், கிரகம் அரை நிமிஷத்தில் உள்ளே வந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் சரிசெய்ய ஆசையா? தெற்கே உச்சத்தை நெருங்குகிற கிரகத்தை நடுவில் வைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது, மேற்கே ஒரு பொட்டுத் தள்ள வேண்டும். வடக்கே நழுவினால் எதிர்ப்பக்கம். டெலஸ்கோப்பில்தான் எல்லாம் தலைகீழாச்சே, தெற்கு எது? குழாயை வடக்குப் பக்கமாக லேசாகத் தட்டுங்கள், கிரகம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அது தெற்கு. திருப்தியான பிறகு புதுப் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

டாப்சோனியன் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. பீரங்கி மாதிரி தரையில் வைத்துத் தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டியது. 40 விநாடிக்கு ஒரு தள்ளு. பழகினவருக்கு சுகம், வரிசையில் நிற்கிற தாத்தாவுக்கு சிரமம். கம்ப்யூட்டர் மவுண்ட்காரர்கள், இரண்டு நட்சத்திரம் தேடித் திண்டாடாமல், கிரகத்தையே காட்டி அலைன் செய்கிற வசதி மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கிரகம் பார்க்க ஒரே கிரகம் போதும்.

துருவன் தரையோடு கிடக்கிறானே என்று வருத்தப்பட்டேன் அல்லவா, அதற்கு வட்டியோடு நஷ்ட ஈடு உண்டு. துருவம் தாழ்ந்தால் கிரகங்கள் போகிற பாதை உயரும். லண்டன்காரர் பல வருஷங்களில் புகைபோக்கிகளுக்கு மேலே நடுங்குகிற வியாழனைப் பார்க்கும்போது நமக்கு அது நல்ல உயரத்தில், மெல்லிசான காற்றின் வழியாக, அசையாமல் தெரியும். 2027 பிப்ரவரி 19, பூமிக்கு எதிரே செவ்வாய் வருகிற நாள். நடுராத்திரி வாக்கில் நம் மாடிக்கு ஏறக்குறைய செங்குத்தாக மேலே நிற்கும். ஊர் வெளிச்சமும் ஒரு பொருட்டில்லை. மங்கலான நட்சத்திர மண்டலங்களைத்தான் பைபாஸ் விளக்கு விழுங்கும், வியாழனையும் சனியையும் விழுங்க அதற்கு வாய் போதாது. வெயில் காலத்தில் மட்டும் தளம் உறிஞ்சின சூட்டை ராத்திரி கக்கும், படம் கொதிக்கிற பால் மாதிரி ததும்பும். அன்றைக்குக் கொஞ்சம் லேட்டாக ஏறுங்கள், தளத்தில் ஒரு வாளி தண்ணீர் விட்டாலும் பாவமில்லை.

சனியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் ஊரே சனிப் பெயர்ச்சி தேதிக்காக இரண்டாகப் பிரிந்து நின்றது. திருக்கணிதத்துக்கு அந்த மாதம் 29, வாக்கியத்துக்கு 2026 மார்ச் 6. இந்த ரகளையில் யாரும் கவனிக்காதது, 2025 மார்ச் 23-ல் சனியின் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டித் திரும்பினது. பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் அந்த நாளைப் பார்க்க முடியவில்லை, ஆனால் அந்த வருஷக் கடைசி வரை வளையம் ஊசி மாதிரிதான். இனி வருஷா வருஷம் விரிந்துகொண்டே போய் 2032 வாக்கில் முழுசாகக் காட்டும்.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். புள்ளி வைத்த மறுவாரம் அவரை மறுபடி ஏற வைக்க வேறு வழியில்லை, சனி என்றதும் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பையில் வைத்தார். எந்தக் கண் என்று கேட்டார். குனிந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்கூட மோட்டார் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தம்பி, நடுவுல ஒரு கோடு மாதிரி குத்திக்கிட்டு நிக்குதே, அதானா?"

"அதான் தாத்தா."

"அன்னிக்கு இது இல்லையே!" என்றார், கண்ணை எடுக்காமலே.

பின்னால் பையன்கள் சட்டையை இழுக்க ஆரம்பித்தார்கள். அவர் நகர்கிற மாதிரி தெரியவில்லை.

ஓனர் சென்ற ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டேங்க் பார்க்க மாடிக்கு வந்தார். கோடு, மூன்று புள்ளி, ஒரு செங்கல். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது, வாஸ்துவா?"

"ஆமா ஸார். வடக்கு பார்த்தது."

"அப்ப இருக்கட்டும். வெள்ளையடிக்கிறவன்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்று சுற்றிக்கொண்டு, எதையும் மிதிக்காமல் இறங்கிப் போனார்.